முனை எடுத்த கத்திகள்

கொட்டாஞ்சேனையில் ஒரு ஒடுக்கமான கடையறையில் கத்தி தீட்டுவது என் தொழில். கல்லில் அல்ல, பெல்ட் சாண்டரில், மோட்டாரில் சுழலும் அரத்தாள் பட்டியில். ஹோட்டல் குசினிக் கத்திகளும் இறைச்சிக்கடைக் கத்திகளும் வாய் உடைந்து, முனை வளைந்து வரும். வீடு வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், அப்பா அம்மாவோடு.

எண்பது வயது தாண்டியபிறகு அப்பாவுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு பெயர்கள், கடைசியில் வருடங்களும் குழம்பிப்போயின. எண்பத்துமூன்றில் தமிழர் வீடுகளைத் தேடித் தேடி அடித்த கலவரத்தின்போது பக்கத்து வீட்டு அலுமாரிக்குப் பின்னால் இரண்டு நாள் ஒளித்திருந்தவர். அந்த இரண்டு நாளை மட்டும் அவர் மறக்கவில்லை.

ஒரு பகல், காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் மணியடித்தார். அம்மா கதவைத் திறக்க, பின்னால் நின்ற அப்பா மீன் வெட்டும் கத்தியால் அவரைக் குத்திவிட்டார். அந்த மனிதரின் முன்கையில் ஏழு தையல். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்த அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "எனக்கும் வீட்டில் அப்பா இருக்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னார். பொலிசுக்குப் போகவில்லை.

மறுநாள் வீட்டிலிருந்த ஐந்து கத்திகளையும் பேப்பரில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். கரடான பட்டியை மாட்டி, முனையை நேராகக் கொடுத்தேன். பொறி பறந்தது. இரும்பு சூடேறினால் வலு போய்விடும் என்று தொட்டுத் தொட்டுத் தண்ணீரில் தோய்த்தேன். வெட்டும் வாயைத் தொடவில்லை, அம்மா சமைக்கவேண்டுமே. முனைகள் தேய்ந்து கரண்டி நுனி போல மழுங்கின. மீன் கத்தியின் பிடி இடுக்கில் இரத்தம் காய்ந்திருந்தது. அதை ஊசியால் சுரண்டி எடுத்தேன்.

பின்னேரம் அப்பா குசினிக்குள் போய் ஒவ்வொரு கத்தியாகத் தடவிப் பார்த்தார்.

"ஆர் இதை வெட்டினது?"

"நான்தான் அப்பா."

"அவங்கள் வந்தா நான் என்னத்தை எடுக்கிறது?"

"ஒருத்தரும் வரமாட்டினம் அப்பா."

"அப்ப ஏன் இதைச் செய்தனி?"



அதன்பிறகு என்னைக் கண்டால் ஒதுங்கத் தொடங்கினார். கத்தியைப் பழுதாக்கியவன் அவங்களில் ஒருவன்தான் என்று முடிவெடுத்துவிட்டார் போல. ஒரு காலை தேத்தண்ணியோடு அறைக்குள் போனேன். கட்டிலின் மூலைக்கு நகர்ந்து கைகூப்பினார்.

"மாத்தயா, கெதர வென கவுருத் நே."

ஐயா, வீட்டில் வேறு ஒருவரும் இல்லை என்கிறார், சிங்களத்தில், என்னிடம். அம்மாவைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய். அம்மா குசினியில் தேங்காய் துருவும் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா, நான் உங்கட மகன்" என்றேன். தமிழைக் கேட்டதும் இன்னும் நடுங்கினார். தமிழில் பேச்சுக் கொடுத்து, தமிழனா என்று சோதிக்கிறான் என்று நினைத்திருக்கவேண்டும்.

ஐந்து மாதத்தில் நிமோனியா வந்து இறந்துபோனார். அதுவரை என்னோடு சிங்களம்தான். நானும் சிங்களத்திலேயே பதில் சொல்லப் பழகிக்கொண்டேன். பயப்படவேண்டாம், ஒன்றும் செய்யமாட்டோம், நாங்கள் போகிறோம் என்பேன். சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவேன். அதன்பிறகுதான் அவர் தேத்தண்ணியைக் கையில் எடுப்பார்.