திருவாளர் அம்மன் அருள்

பாட்டு காணாமல் போனதை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கைபேசியைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்து அந்தப் பாட்டைப் போடுவது அவளுக்குப் பல வருடப் பழக்கம். ஆறு நிமிடம் ஓடும். அது முடிவதற்கும் பால் பொங்குவதற்கும் சரியாக இருக்கும். அன்றைக்குப் பால் பொங்கிய பிறகும் வீடு சத்தமில்லாமல் கிடக்கவே, நான் எழுந்து போனேன்.

“ஏங்க, என்னமோ இங்கிலீசுல போட்டிருக்கான். பாருங்க” என்று கைபேசியை நீட்டினாள்.

காப்புரிமைக் கோரிக்கையின் பேரில் இந்தக் காணொளி நீக்கப்பட்டுள்ளது என்று போட்டிருந்தது. கோரிக்கை வைத்தவர்கள் ஐரோப்பாவில் இருக்கும் ஓர் இசை நிறுவனத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சங்கரன்கோவில் கோமதி அம்மன் மேல் பாடிய பாட்டுக்கு அங்கே யார் சொந்தம் கொண்டாடப் போகிறார்கள்? கம்ப்யூட்டர் ஏதோ தப்புச் செய்திருக்கிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றேன். இரண்டு நாளில் சரியாகும் என்று நான் சொன்ன எதுவும் இதுவரை இரண்டு நாளில் சரியானதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஊரில் எனக்கு ‘மியூசிக் அண்ணாச்சி’ என்றுதான் பெயர். கீபோர்டு வாசிப்பேன். மாடி அறையில் சின்னதாக ஓர் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தேன். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பாட்டுப் போட வேண்டுமென்றால் சிவகிரி, ராயகிரியிலிருந்துகூட என்னைத் தேடி வருவார்கள். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி. தறி ஓடும்போது மைக்கைத் திறக்கவே முடியாது. அதனால் கரண்டு போகும் நேரம் பார்த்து இன்வெர்ட்டரில் பதிவு செய்வோம். ஊரே மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, எப்போதடா போகும் என்று காத்துக் கிடந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

என் மனைவி பாடிப் பதிவான ஒரே பாட்டு அது. பிறகு தைராய்டுக்காகக் கழுத்தில் அறுவை செய்ததில் அவள் குரல் கரகரத்துப் போய்விட்டது. பேசலாம், பாட முடியாது. அம்மனுக்கு ஆடித் தபசுத் திருவிழா வந்தால் ஊரில் பாதி ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டுதான் ஓடும். குறுந்தகடுகள் ஒழிந்த பிறகு எல்லாரும் இணையத்திலிருந்துதான் அதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது அது அங்கே இல்லை. தபசுக்கு ஏழு வாரம்தான் இருந்தது.

என் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வரி கேட்டுவிட்டு நிறுத்திவிட்டாள்.

“வீட்டுக்குள்ள மட்டும் கேட்டா செத்துப்போனவ குரலக் கேக்க மாரி இருக்கு. ஊரு கேக்கணும்லா” என்றாள்.

அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த நிறுவனத்தின் இசைத் தொகுப்பைத் தேடிக் கேட்டேன். மூச்சுப் பயிற்சிக்கான இசையாம். ஒரு வெள்ளைக்காரர் எங்கள் மெட்டை ஏதோ ஒரு தந்திக் கருவியில் நிதானமாக வாசித்திருந்தார். நன்றாக வாசித்திருந்தார், அதுதான் எரிச்சல். ‘தென்னிந்தியப் பாரம்பரிய மெட்டு’ என்று போட்டு, இசைக்கோவை என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டிருந்தார். எப்போதோ கோயில் பார்க்க வந்த இடத்தில் எங்கள் குறுந்தகடு கையில் கிடைத்திருக்கும். அவர் மெட்டும் எங்கள் மெட்டும் ஒன்றாக இருப்பதை இயந்திரம் கண்டுபிடித்து, பிந்தி இணையத்தில் ஏறிய எங்களைத் திருடன் என்று முடிவு கட்டிவிட்டது.

மறுப்பு எழுதிப் போட்டேன். இயந்திரம் பதில் போட்டது. திரும்ப எழுதினேன். வேறோர் இயந்திரம் வேறு வார்த்தைகளில் அதே பதிலைப் போட்டது. அலுவலகத்தில் முப்பது வருடம் ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று ஊராருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். அந்தப் பாவம் சும்மா விடுமா?

கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலம்மா இருக்கிறார். பாகப்பிரிவினை, பாதைத் தகராறு என்று பார்ப்பவர். மெட்டுத் தகராறு அவருக்கும் புதிது. ஒரு வாரம் உட்கார்ந்து படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“சட்டம் ரொம்ப நல்ல சட்டம் அண்ணாச்சி” என்றார். வக்கீல் அப்படி ஆரம்பித்தால் பின்னால் ஓர் ‘ஆனால்’ வரத்தான் செய்யும். “நாடுகளுக்குள்ள ஒப்பந்தம் இருக்கு. அவுக ஆளு போட்ட மெட்ட நம்ம ஆளு மெட்டு மாரியே நாம காப்பாத்தணும். நம்ம மெட்ட அங்கன அவுக ஆளு மெட்டு மாரியே அவுக காப்பாத்தணும். எங்கயும் பதிஞ்சு வைக்கணும்னுகூட இல்ல. மெட்டுப் போட்ட அன்னைக்கே உரிம வந்துருது.”

“கொண்டான் கொடுத்தான் மாரின்னு சொல்லுங்க.”

“அதேதான். பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்த வீடு. நம்ம பொண்ண எப்படி வச்சிருக்கீயன்னு போய்க் கேக்க நமக்குப் பாத்தியத உண்டு.” சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஆமா, அவுக வீட்டுப் பொண்ண நீங்க ஒண்ணும் பண்ணலையே?”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. ராயகிரிக் கொடைக்கு நான் போட்டுக் கொடுத்த பாட்டு ஒன்றில் வரும் இடையிசை, ஒரு வெளிநாட்டுப் பாட்டிலிருந்து அப்படியே உருவியது. மேலே உடுக்கைச் சத்தத்தைச் சேர்த்து, காளிக்குச் சாத்திவிட்டேன். அதைப் போட்ட மகராசன் யார், உயிரோடு இருக்கிறானா என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. “அதெல்லாம் பழைய கத” என்றேன். வக்கீலம்மா மேற்கொண்டு தோண்டவில்லை.

எங்கள் குறுந்தகட்டின் அட்டையைப் படமெடுத்து இணைத்து, அந்த நிறுவனத்துக்கே ஆங்கிலத்தில் கடிதம் அனுப்பினார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இந்த முறை மனிதர் எழுதியது, மிகவும் மரியாதையான கடிதம். திருவாளர் அம்மன் அருள் அவர்களின் படைப்பைத் தாங்கள் பெரிதும் மதிப்பதாகவும், அவர் எந்த நாட்டுக் குடிமகன், உயிருடன் இருக்கிறாரா, இல்லையென்றால் எந்த ஆண்டில் காலமானார், வாரிசுகள் யார் என்ற விவரங்களை அனுப்பினால் ஆவன செய்வதாகவும், விவரம் கிடைக்காவிட்டால் மெட்டைப் பாரம்பரிய மெட்டாகவே கருத நேரும் என்றும் எழுதியிருந்தார்கள்.

எங்கள் அட்டையில் ‘இசை: அம்மன் அருள்’ என்று போட்டிருந்தோம். ‘பாடியவர்கள்: குழுவினர்’. எங்கள் பக்கத்தில் லாரி முகப்பிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எழுதுகிற வாசகம்தான். வெளிநாட்டுக்காரனும் படிக்கட்டும் என்று பந்தாவாக அதையே ஆங்கிலத்திலும் அச்சடித்து வைத்திருந்தேன். அருள் என்று ஒருவர் பிறந்து, மெட்டுப் போட்டு, செத்தும் போயிருக்கலாம் என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை.

வக்கீலம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அம்மனுக்குப் பாஸ்போர்ட் எடுக்க நான் எங்க அண்ணாச்சி போவேன்?” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். பாட்டு மேல யாரு பேரு போட்டிருக்கோ அவுகதான் மெட்டுப் போட்டவுகன்னு மொதல்ல எடுத்துக்கிடுவாவ. இங்கனயும் அப்படித்தான், அங்கனயும் அப்படித்தான். நீங்க ஏன் உங்க பேரப் போடல?”

“ஒரு பக்திதான்” என்றேன்.

அது பொய். அந்த மெட்டை நான் போடவில்லை, என் மனைவி போட்டாள். ஒரு மத்தியானம் கரண்டு போய்த் தறியெல்லாம் நின்ற நேரத்தில், கீரை ஆய்ந்துகொண்டே அவள் முனகியது அது. அதுவரை காதில் ஓடிக்கொண்டிருந்த தறியின் தாளம் அந்த முனகலில் இருந்தது. நான் மாடிக்கு ஓடிப்போய்க் கீபோர்டில் சுருதி பிடித்தேன். சரணத்தையும் அவளே முனகிக் காட்டினாள். வார்த்தைகளும் பின்னணி வாத்தியமும் மட்டும் நான் சேர்த்தவை. அட்டை அச்சடிக்கிறவர் சிவகாசியிலிருந்து போன் செய்து, மியூசிக் யார் பெயர் போடட்டும் என்று கேட்டார். வீட்டுப் பொம்பளை பெயரைக் கடைத்தெருவில் போட்டால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று தயங்கினேன். என் பெயரைச் சொல்லவும் வாய் வரவில்லை, அந்த மட்டுக்கும் யோக்கியன். சாமி பெயரைச் சொல்லிவிட்டால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

யாரும் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் அவர்களாகவே மெட்டுப் போட்டவன் நான் என்று முடிவு செய்துகொண்டார்கள். கொடைக்குக் கொடை மேடையில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கையைக் கூப்பி ‘எல்லாம் அம்மன் அருள்’ என்றேன். எவ்வளவு அடக்கமான மனுசன் என்று பேசிக்கொண்டார்கள். பல சமயம் அவளும் கீழே பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பாள்.

வக்கீலம்மா முத்திரைத்தாளில் ஒரு வாக்குமூலம் தயார் செய்தார். ‘அம்மன் அருள்’ என்பது ஆள் பெயரல்ல, தெய்வத்துக்குச் செலுத்தும் மரியாதை. இந்த இசை முழுவதும் என் சொந்தப் படைப்பு. வேறு எவருக்கும் இதில் பங்கில்லை. கீழே என் பெயர். பாடியவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டால் பலமாக இருக்கும் என்று வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தேன். கால் ஓய்ந்துவிட்டது. ஒரு கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிடும், முடிந்தால் போதும் என்றுதான் இருந்தது. அவள் பெயரைப் போட்டிருக்கலாமே என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூட முழு உண்மை இல்லை. தோன்றியது, ஆனால் இத்தனை வருடத்துக்கு அப்புறம் ஊரில் யாருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது என்று அலுப்பாக இருந்தது.

“ஏட்டி, இதுல சாட்சிக் கையெழுத்து ஒண்ணு போடு. பாட்டு திரும்ப வந்துரும்.”

“என்ன எழுதிருக்கு?”

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னேன். பங்கில்லை என்ற இடத்தில் கொஞ்சம் வேகமாகப் படித்தேன். அவள் பேனாவை எடுக்கவில்லை.

“அம்மன் பேரப் போட்டப்ப நான் வாயத் தொறந்தேனா?”

“இல்ல.”

“அவளுக்குன்னு விட்டுக் குடுத்தேன். உங்களுக்குன்னு விடல.”

சண்டைக்கு வந்த குரலே இல்லை. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்ட சாமானைத் திருப்பி வாங்கி வரச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு உலையில் அரிசி போட எழுந்து போய்விட்டாள். நான் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது.

பாட்டு என்ன ஆயிற்று என்று யாரும் கவலைப்பட வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். அது திரும்பி வந்துவிட்டது, ஆடித் தபசு கழிந்து பதினோராவது நாள். அந்த வருடத் தபசில் எந்த ஒலிபெருக்கியிலும் அது ஓடவில்லை. வெள்ளைக்காரரின் தொகுப்பில் இப்போது மெட்டு என்ற இடத்தில் அவள் பெயர் இருக்கிறது, அதில் ஓர் எழுத்து தப்பு. அதைத் திருத்தச் சொல்லி எழுதத் தெம்பில்லை என்றேன், அவளும் விட்டுவிட்டாள்.

அவள் கையெழுத்துப் போடாத அன்றைக்கு மறுநாள் இரண்டு பேரும் வக்கீலம்மாவிடம் போனோம். பெயரை மாற்ற வேண்டும் என்று நானே சொன்னேன். வக்கீலம்மா என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. புதுத் தாளை எடுத்துப் புதிதாக அடித்துவிட்டு, அவளுக்காக வரிவரியாகத் தமிழில் படித்தார். “இந்த மெட்டு முழுவதும் என் சொந்தப் படைப்பு. வேறு எவருக்கும் இதில் பங்கில்லை.”

“வேற எவருக்கும்னா, இவுகளுக்கும் இல்லன்னுதான அர்த்தம்?” என்று கரகரத்த குரலில் கேட்டாள்.

“அதுக்கு அப்படித்தான் அர்த்தம். அவுகளக் கேட்டுக்கிடுங்க” என்றார் வக்கீலம்மா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மெட்டு இல்லாவிட்டால் நான் ஓய்வு பெற்ற குமாஸ்தா, வேறொன்றும் இல்லை.

“மெட்டுல எனக்குப் பங்கு இல்ல” என்றேன். “எல்லாம் இவ போட்டது.”

அவள் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாகத் தன் பெயரை முழுதாக எழுதினாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இத அப்பமே சொல்லிருக்கலாம்லா” என்றாள். “அப்பம் எனக்குப் பாட முடிஞ்ச காலமா இருந்துச்சு.”