வலப்பக்கம் அமத்திய விரல்

யுத்தம் மறுபடியும் மூண்டிருந்த காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், காணாமற்போனவர்களின் விவரங்களைப் பதியும் ஓர் அலுவலகத்தில் தேநீர் போட்டுக் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை.

அங்கே கிண்ணியா ஊர்த் தம்பி ஒருவர் கணினிக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். திரையில் சின்னச் சின்னதாக முகங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மவுஸை என் கையில் தருவார்.

"நீங்க அமத்திப் பாருங்க அண்ணன். உங்களுக்கு விளங்கினா ஊருக்கே விளங்கும்" என்று சிரிப்பார்.

இடப்பக்கம் அமத்தினால் படம் பெரிதாகும். வலப்பக்கம், பிழையாக ஏறிய படத்தை அழிப்பதற்கு.

ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல் அவர் தொழுகைக்குப் போயிருந்தார். ஈச்சிலம்பற்றிலிருந்து இடம்பெயர்ந்த அம்மா ஒருவர் வந்தார். மகனின் படத்தை முன்பே எங்களிடம் தந்து, ஸ்கேன் செய்தபின் திருப்பி வாங்கிப் போனவர். அந்தப் படம் வீட்டோடு எரிந்துவிட்டதாம். இனி அந்த முகம் இருந்தது எங்கள் கணினியில் மட்டும்தான்.

"ஒருக்காக் காட்டுங்கோ தம்பி."

காட்டினேன்.

"கண் தெரியேல்ல. கொஞ்சம் பெருசாக்கேலாதோ?"

சொல்லும்போதே அழத் தொடங்கிவிட்டார். அழுகிறவர்களைப் பார்க்க எனக்குக் கூச்சம். முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே அமத்தினேன். கடற்படை தண்ணீருக்குள் வெடி வைத்தால் எங்கள் மேசைகள் அதிரும். அன்று விரல் தவறியதற்கு அந்தச் சாட்டுக்கூட இல்லை. விரல்தான் வலப்பக்கம் போயிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"மெசின் களைச்சுப்போச்சோ?"

"ஓம் அம்மா. அடுத்த கிழமை வாங்கோ."

"சரி, அவனும் கொஞ்சம் படுக்கட்டும்" என்று கண்ணைத் துடைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

தொழுகை முடிந்து தம்பி வந்து நெடுநேரம் தேடினார். படம் கிடைக்கவில்லை. "கேக்காமலே அழிக்கிற மாதிரி எழுதினது என்ட பிழை அண்ணன்" என்றார். அன்றே, அழிப்பதற்கு முன் 'அழிக்கவா?' என்று கேட்கும் பெட்டி ஒன்றைச் சேர்த்தார்.

அடுத்த வெள்ளி அம்மா வந்தபோது உண்மையைச் சொன்னேன். ஏச்சு வாங்கத்தான் நின்றேன். அவர் கதிரையில் இருந்தபடி திரையில் அந்த வெற்றிடத்தை விரலால் தடவினார்.

"இதுக்குள்ள இருந்தும் காணாமப் போயிட்டானோ?"

பிறகு அவர் வரவேயில்லை.

தம்பி புரோகிராமைத் திருத்திவிட்டார். என்னைத் திருத்த எனக்குத்தான் காலம் பிடித்தது. இன்றைக்கும் எவராவது முன்னால் அழுதால், கூச்சப்பட்டுக்கொண்டே நேராகப் பார்க்கிறேன். அன்று நான் முகம் திருப்பிய ஒரு நொடியில்தான் ஒரு தாய்க்கு மிஞ்சியிருந்த முகம் போனது.