நாலு சீட்டு விமானமும் ஜோசபின் மதாமும்

ஜோசபின் மதாம் போய்விட்டார்.

இன்று காலை அவர் மகள் கிளேர் பிரான்சிலிருந்து கூப்பிட்டாள். "சுமதி அக்கா..." என்றாள். அப்புறம் அழுகைதான். எனக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் இருந்தார், தெரியும். தெரிந்தால் மட்டும் என்ன... மனசு ஆறவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். வாயைத் திறந்தால் "எங்க மதாம், எங்க மதாம்" என்றுதான் ஆரம்பிப்பேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

இங்கே எங்க ஊர் முத்தியால்பேட்டையில் பிறந்தவர். கல்யாணமாகி பிரான்ஸ் போனார். பிஸ்கட் கம்பெனிகளில் வீடு சைஸுக்கு அடுப்பு இருக்குமே, அதற்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்பதும் ரிப்பேர் பார்ப்பதும் அங்கே அவர்கள் குடும்பத் தொழில். கிளேருக்குப் பால்வாடி வயசு இருக்கும்போதே கணவர் தவறிவிட்டார். அப்புறம் வீடு, கம்பெனி, குழந்தை எல்லாம் மதாம் ஒருவர் தலையில்தான்.

அந்த பிஸ்கட் கம்பெனிகள் பெரிய ஊர்களில் இல்லை. பெல்ஜியத்தில் ஒன்று, ஜெர்மனியில் ஒரு மூலையில் ஒன்று... ரயிலில் போனால் மாறி மாறி ஏறணும், ராத்திரி ஓட்டலில் தங்கணும். குழந்தையை யார் பார்ப்பது?

ஆனால் அங்கே சின்னச் சின்ன ஊரிலும் ஒரு குட்டி ஏர்போர்ட் இருக்குமாம். மதாம் என்ன செய்தார் தெரியுமா? பைலட் லைசென்ஸ் எடுத்துவிட்டார்! பழைய விமானம் ஒன்றும் வாங்கிவிட்டார். நாலு சீட்டு, ஒரே எஞ்சின். காலையில் பறந்து போய் ரெண்டு கஸ்டமரைப் பார்த்துவிட்டு, கிளேர் ஸ்கூல் விட்டு வருவதற்குள் வீட்டில் இருப்பார்.

ஏதோ ஸ்கூட்டியில் வில்லியனூர் போய் வந்த மாதிரிதான் பேசுவார். தரையிறங்கிவிட்டேன் என்று போன் வரும் வரை எனக்குத்தான் வேலை ஓடாது.

லாஸ்பேட்டையில் ஒரு மாடி ரூம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்செட். அதுதான் மதாமின் இந்தியா ஆபீஸ். மேனேஜர், கிளார்க், பியூன் எல்லாம் நானே. அவர் இறங்கப்போகிற ஏர்போர்ட்டுக்குப் போன் போட்டு, திறந்திருக்கா, பெட்ரோல் கிடைக்குமா, டாக்சி வருமா என்று கேட்டு வைப்பேன். ஸ்கூலில் படித்த பிரெஞ்சையும் அரைகுறை இங்கிலீஷையும் வைத்துத்தான் சமாளித்தேன். அவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டால் ஒருத்தனும் எடுக்க மாட்டான்.

சில நாள் கஸ்டமரையும் கூட ஏற்றிக்கொள்வார். அந்த மாதிரி விமானத்தில் எடை மிஞ்சக் கூடாது. அதனால் முன்பின் தெரியாத ஆம்பளைக்குப் போன் போட்டு "உங்க வெயிட் எவ்வளவு?" என்று நான் கேட்கணும். மானம் போகும்!

"இன்னாத்துக்கு வெக்கப்படுற? அவன் சொல்றதுக்கு மேல கொஞ்சம் சேத்தே போட்டுக்க. வெயிட்டுல ஒருத்தனும் உண்மை பேச மாட்டான்" என்று சிரிப்பார். காது கிழியும் அந்தச் சிரிப்பில்.

மதாமின் அம்மா முத்தியால்பேட்டை வீட்டிலேயே இருந்தார். மூலக்குளத்தில் என் வீட்டுக்குத் திரும்பும் முன் நான் தினமும் எட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

மதாம் அப்போது ஜெர்மனியில், ஒரு கஸ்டமர் ஊரில். இருட்டுவதற்குள் வேலை முடியாமல் அன்று தங்கும்படி ஆகி, கிளேரைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார். மறுநாள் காலை தன் விமானத்தில் பாரீஸ் பக்கம் போய், அங்கே சென்னை ஃபிளைட்டைப் பிடிப்பதாக ஏற்பாடு. அதற்காகவே அடக்கத்தைத் தள்ளி வைத்திருந்தோம்.

மறுநாள் நான் ஃப்ரீசர் பெட்டி பக்கத்தில் நிற்கிறேன். போன் வந்தது.

"சுமதி, இங்க மேகம் தரையத் தொட்டுக்கிட்டு நிக்குது. விடிஞ்சதுலேர்ந்து பாக்குறேன், கலையல. நான் கெளம்பல."

ரயிலில் போனால் அந்த ஃபிளைட் கிடைக்காது. அதை விட்டால் இன்னும் ஒரு நாள் ஆகும். ஐயோ, இந்தச் சனத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்...

மதாமின் தாய்மாமன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "ஏம்மா, பிஸ்கட்டு கம்பெனிக்கெல்லாம் பறக்குறியே, பெத்தவள பாக்கப் பறக்க மாட்டியா? இதுக்கு மேல போட்டு வைக்க முடியாது, பாத்துக்க!"

ஸ்பீக்கரில் மதாம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "எங்கம்மா போயிட்டாங்க மாமா. இதுல ஏறி நானும் போயிட்டா கிளேருக்கு யாரு மாமா இருக்கா?"

மாமா போனை என்னிடம் திணித்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.

மதாம் வந்தபோது கல்லறையில் மாலையெல்லாம் வாடியிருந்தது. வீட்டுக்குக்கூடப் போகாமல் காரை நேரே அங்கேதான் விடச் சொன்னார். மண்ணில் உட்கார்ந்து "மன்னிச்சிரும்மா... மன்னிச்சிரும்மா..." என்று அடித்துக்கொண்டு அழுதார். நானும் கூட உட்கார்ந்து அழுதேன்.

திரும்பும்போது சொன்னார். "நாளைக்கே அதே மாதிரி மேகம் நின்னாலும் நான் கெளம்ப மாட்டேன் சுமதி. ஆனா மொகத்த பாக்கலியே... மொகத்த பாக்கலியே..."

அதற்கப்புறம் பல வருஷம் பறந்தார். கிளேரைப் படிக்க வைத்தார், கல்யாணம் செய்து வைத்தார். சொந்தக்காரர்கள் வாய் மட்டும் அடங்கவே இல்லை.

இன்றுகூட என்னிடம் துக்கம் கேட்ட ஒருவர் "பெத்தவ மொகத்த பாக்காத பொண்ணுதான?" என்றார். வந்ததே எனக்கு ஆத்திரம். என்னிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தச் சூட்டில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கிளேர் கொஞ்சம் தேறி மறுபடி கூப்பிட்டாள். ராத்திரி முழுக்க அம்மா கட்டில் பக்கத்திலேயே இருந்தாளாம். அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"அம்மா என் மொகமே பாத்தாங்க அக்கா. வேற எங்கயும் பாக்கல. கடைசி வரைக்கும்."

நிம்மதியா போங்க மதாம். கிளேருக்கு நான் போன் பண்ணிக்கிட்டே இருப்பேன்.