அவருக்கு ஆகாமல் போன தேனீக்கள்

அப்போதெல்லாம் என் கணவரைத் தேனீ கொட்டாத வாரமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கொட்டு வாங்கினால் இரண்டு மூன்று நாளைக்குப் புறங்கை பன் மாதிரி உப்பிக் கிடக்கும். அந்தக் கையோடுதான் பள்ளிக்கூட வேனை ஓட்டுவார். அதே பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. "அங்கிள் கை ஏன் குண்டா இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்கும். "உள்ள தேன் இருக்குடா" என்பார். அதில் ஒன்றிரண்டு, உண்மை என்று நம்பி அவர் கையை மோந்து பார்க்கும்.

பேரையூர்ப் பக்கம் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் இருந்ததில்லை. கல்யாணமானதும் மதுரைக்கு வந்துவிட்டோம். ஊருக்கு வெளியே, பின்னால் கொஞ்சம் காலி இடம் உள்ள ஒரு வாடகை வீடு. தேனீ வளர்ப்புக்கு எங்கேயோ பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், திரும்பி வரும்போது ஒரு பெட்டியோடு வந்தார். அதற்குப் பிறகுதான் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியைப் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பரணில் தேனீ கூடு கட்டி, அவர்கள் துணிப்பந்தம் சுற்றிக் கொளுத்தப் போனார்கள். இவர் குறுக்கே விழுந்து தடுத்து, அந்தக் கூட்டை உயிரோடு எடுத்துக்கொண்டு வந்தார். அந்தச் செய்தி எப்படியோ பரவிவிட்டது. அப்புறம் லீவு நாளெல்லாம் எங்களுக்கு அதுதான் வேலை.

மீட்டர் பெட்டி, கழற்றிப் போட்ட வாஷிங் மெஷின், சன்ஷேடு இடுக்கு என்று எங்கெங்கோ இருக்கும். இவர் தேங்காய் நாரில் லேசாகப் புகை போட்டு, தேனடையை ஒவ்வொன்றாக அறுத்துக் கொடுப்பார். நான் அதை மரச்சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டுவேன். ராணித் தேனீ உள்ளே போய்விட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசையாகப் பெட்டிக்குள் போகும். வெளியே மேயப்போனவை வந்து சேருகிறவரை, பொழுது சாய, பெட்டியை அங்கேயே வைத்திருப்போம். வீட்டுக்காரர்கள் கொடுக்கிற காபியைக் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் நிறையப் பேசியிருக்கிறோம்.

அன்றைக்குக் கே.கே. நகரில் ஒரு வீடு. கேட்டை ஒட்டிய மீட்டர் பெட்டிக்குள், ஒயர் நுழையும் ஓட்டை வழியாகப் போய்க் கட்டியிருந்தன. மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, வேலையை முடித்து, முகவலையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். அப்போது கழுத்தில் ஒன்று கொட்டியது. ஒரே ஒன்றுதான். கொடுக்கை நகத்தால் சுரண்டிப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில், "உள்ளங்கையெல்லாம் அரிக்குது" என்றார். வெயிலால் இருக்கும் என்று தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை வாங்க முடியவில்லை. உதடு தடித்துவிட்டது. "தொண்டைய அடைக்குது" என்று ஏதோ சொல்ல வந்தார், குரல் அவர் குரலாக இல்லை. படியில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். அந்த வீட்டம்மா காரை எடுத்தார்கள். அடுத்த தெருவிலேயே ஒரு கிளினிக் இருந்ததால் பிழைத்தார். தொடையில் ஊசி போட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"இத்தன வருஷமா கொட்டுனதுதாம்மா இப்ப ஒடம்புக்கு ஆகாமப் போச்சு. இனிமே ஒரு கொட்டுகூட இவருக்கு ஆகாது. அடுத்த தடவ இங்க கொண்டுவர நேரம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

உள்ளே போனேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் வார்த்தை: "ராணி பெட்டிக்குள்ள போயிருச்சா?"

போயிருச்சு என்றேன். "அப்ப பொழுது சாஞ்சதும் போயி மூடிரு. விட்டுறாத." அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு நான் தனியாக நடந்து போய் அந்தப் பெட்டியை மூடினேன். வாசல் கட்டையைத் தலைகீழாக வைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் பொருத்தினேன்.

வீட்டுப் பின்னால் இருந்த பெட்டிகளை இனி வைத்திருக்க முடியாது. மேலூருக்குப் பக்கத்தில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவர் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். அவரும் நானும் பெட்டிகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றும்போது, என் கணவர் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே ஜன்னல் கொசுவலைக்குப் பின்னால் நின்றார். "அங்கிட்டு நிழல்ல வைக்கச் சொல்லு. எறும்பு ஏறாம பெட்டிக் காலுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லு" என்று உள்ளிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். விடுபட்டுப்போன தேனீக்கள் சில நாள் வரைக்கும் அந்த வெறும் இடத்தைச் சுற்றின. களைத்துப்போய்க் கொசுவலையில் வந்து உட்காரும். இவர் உள்பக்கம் நின்றுகொண்டு, அது உட்கார்ந்த இடத்துக்கு நேராக விரலை வைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் அதுகளும் வரவில்லை.

நானும் கூடு எடுக்கப் போவதை விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். "நாந்தான் போகக்கூடாது. நீ போகலாம்ல?" என்றார். கெஞ்சுகிற மாதிரி அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. போனேன். எடுத்த கூட்டைத் தோப்பில் கொண்டுபோய் வைப்பேன். அவர் வீட்டிலிருந்து வீடியோ காலில், "மேல புகை போடாத, ஓரமா போடு. வெரசா பண்ணாத" என்பார். திரும்பி வந்ததும் உடுப்பையெல்லாம் வெளியிலேயே கழற்றி வாளியில் ஊறப்போட்டு, பின்னால் உள்ள பாத்ரூமில் தலைக்குக் குளித்த பிறகுதான் கதவைத் தட்டுவேன். அதற்குள் ஆறிப்போன டீயைச் சுடவைத்திருப்பார். நான் சொல்லச் சொல்லக் கேட்பார். முதலில் நிறையக் கேள்வி கேட்டவர், போகப்போகத் தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு நாள் குளித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் துவட்டிய துண்டின் மடிப்பில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அடுப்படியில் துண்டை உதறியதும் ரீங்காரம் கேட்டது. இவர் சோற்றுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டை வைத்துவிட்டு ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றார். அந்த மனிதரின் முகத்தில் தேனீயைப் பார்த்துப் பயம். நான் செருப்பை எடுத்து அடித்துவிட்டேன்.

"செத்துருச்சா?"

"செத்துருச்சு."

கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "கால்ல மகரந்தம் இருக்கு பாரு" என்றார். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். தரையில் அந்த மஞ்சள் கறையைத் துடைக்கும்போது எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் தோப்பில் நோய் விழுந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய புழுக்கள் அறைக்குள்ளேயே பழுப்பேறி, தண்ணீர் கோத்துச் செத்திருந்தன. பெட்டியைத் திறந்தால் புளித்த வாடை. சில பெட்டிகளில் மிச்சமிருந்த தேனீக்கள் கூட்டைவிட்டே ஓடிப்போயின. நோய் வந்த அடைகளை அறுத்து எரித்தேன். தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். மருந்து ஒன்றும் இல்லை, தப்பிப் பிழைத்தால் உண்டு என்றார்கள். மீட்டர் பெட்டியிலும் பரணிலும் இருந்து நாங்கள் கொண்டுவந்தது அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். கடைசிப் பெட்டியும் காலி என்று சொன்ன அன்றைக்கு, அவர் கேட்டார்:

"அப்ப இனி நான் அங்க வரலாம்ல?"

மறுநாள் என்னை வண்டியில் உட்காரவைத்து மேலூருக்கு ஓட்டினார். தோப்பில் முகவலை போடாமல், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார். அடைகளில் அந்துப்பூச்சி நூலாம்படை பின்னியிருந்தது. சட்டங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நான் கட்டிய வாழைநார் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. தோப்பு அண்ணன் வந்து, "விடு மாப்ள. காட்டுல இருக்குறது நம்மகிட்ட நிக்குமா? வேற பெட்டி வச்சுக்கிருவோம்" என்றார்.

"வேண்டாம்ணே. இதே எடத்துல வச்சா அதுக்கும் நோய் வந்துரும்" என்றார் இவர்.

வேறு இடமும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கேட்ட தோப்புகளில் சிலவற்றில் பூச்சிமருந்து அடிப்பார்கள், மற்றவற்றில் வேலையாட்களைக் கொட்டிவிடும் என்று பயந்தார்கள். கொண்டுபோய் வைக்க இடமில்லாமல் எடுப்பதில் என்ன இருக்கிறது? நிறுத்திக்கொண்டோம். பெட்டிகளை உடைத்துத் தோப்பிலேயே எரித்தோம்.

போன் மட்டும் நிற்கவில்லை. யாரோ யாருக்கோ எங்கள் நம்பரைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். போன வாரம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு அழைப்பு வந்தது. இவர் ஸ்பீக்கரில் போட்டார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஜன்னலுக்கு மேலே கூடு கட்டியிருக்கிறது என்று ஒரு பெண் படபடத்தாள்.

"நாங்க இப்ப எடுக்குறதில்லம்மா."

"வேற யாரும் இருக்காகளாண்ணே?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா."

"அப்ப மருந்து அடிச்சிறவா? பாவமாத்தான் இருக்கு, பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன செய்யச் சொல்றீக?"

இவர் என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

"பகல்ல அடிக்காதம்மா" என்றார். "சாயங்காலமா அடி. அம்புட்டும் உள்ள வந்திருக்கும். பகல்ல அடிச்சா, மேயப்போனது திரும்பிவந்து வீடில்லாமக் கெடந்து சுத்தும். பிள்ளைய உள் ரூம்புல போட்டுக்க."

"சரிண்ணே, ரொம்ப நன்றிண்ணே" என்று அவள் போனை வைத்தாள்.

இவர் போனைக் கையில் வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. முன்பு பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்த மாதிரி, இருட்டுகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.