பேஸ்மென்டில் ஒரு படமாளிகை

இந்த நாட்டில் துணி மண்ணுக்குக் கீழே காய்கிறது. டொரன்டோவுக்கு வந்து இத்தனை காலமாகியும் இது மட்டும் எனக்குப் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி சரசு ஈரத்துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போவாள். வெளியே வெயில் கண்ணைக் கூசும். ஆனால் அந்த வெயிலில் சூடு கிடையாது. கொடியில் போட்ட சட்டை பலகைபோல விறைத்துவிடும். இலங்கையில், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்தில், மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே கொஞ்சம் வெயில் தலைகாட்டினால் லயத்து வரிசைவீடுகளின் பெண்கள் எல்லோரும் துணியோடு வாசலுக்கு ஓடிவருவார்கள். இங்கே வெயிலை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, துணியைத் தூக்கிக்கொண்டு நிலத்துக்கு அடியில் போகிறோம்.

அந்த இடத்துக்கு பேஸ்மென்ட் என்று பெயர். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சுரங்கம்போல எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டின் அடியில், பாதி மண்ணுக்குள் புதைந்த ஓர் அறை. எங்களுடையது சின்னது, தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றையறை லயத்துக் காம்பராவைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஒரு மூலையில் துணி இயந்திரம், இன்னொரு மூலையில் வீட்டைச் சூடாக்கும் உலை, கூரையை ஒட்டி ஒரு குட்டி ஜன்னல். அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள் மட்டும் தெரியும். இந்த அறையைத்தான் படமாளிகை ஆக்குவது என்று நான் முடிவு செய்தேன். எண்பதுகள் முடியப்போகும் நேரம் அது. நான் வேலை செய்த தொழிற்சாலையில் இளைஞர்கள் எல்லோரும் சரவுண்ட் சவுண்டைப் பற்றித்தான் பேசினார்கள். முன்னால் இரண்டு ஒலிபெருக்கி, முதுகுக்குப் பின்னால் இரண்டு. படத்தில் மழை பெய்தால் நம்மைச் சுற்றிப் பெய்யும் என்றார்கள்.

எனக்கு அந்த ஆசை வந்ததற்குக் காரணம் சரசு. அவளைப்போலப் படம் பார்க்கிறவளை நான் கண்டதில்லை. கல்யாணமான புதிதில், சம்பளம் வந்த ஞாயிறுகளில் பசறையிலிருந்து பஸ் ஏறி, வளைவு வளைவான பாதையில் பதுளை நகரத்துக்குப் போவோம். வழியெல்லாம் தலை சுற்றுகிறது என்பாள். படம் தொடங்கியதும் சரியாகிவிடும். திரையில் அழுதால் அழுவாள், வில்லன் வந்தால் வாய்விட்டுத் திட்டுவாள். தமிழருக்கு எதிரான எண்பத்துமூன்றுக் கலவரம் பதுளைக்கு வந்த அன்று நாங்கள் மகள் வனிதாவுடன் ஒரு படமாளிகைக்குள்தான் இருந்தோம். அவளுக்குப் பள்ளிக்கூடச் சீருடைத் துணி எடுத்துவிட்டு, அப்படியே பகல் காட்சிக்குப் போயிருந்தோம். பாதியில் படம் நின்றது. விளக்கைப் போடவில்லை. இருட்டில் யாரோ கத்தினார்கள், எல்லோரும் ஒரே கதவை நோக்கி ஓடினார்கள். வெளியே வந்தால் கடைவீதியில் கரும்புகை. சற்றுமுன் துணி எடுத்த கடையின் முதலாளி, ஒரு முஸ்லிம் பெரியவர், கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

"உள்ளுக்கு இரிங்க. சத்தம் போடவாணாம். யாரு கேட்டாலும் நான் பேசிக்குறன்," என்றார்.

துணிக்கட்டுகளுக்கு நடுவே, விளக்கில்லாத பின்னறையில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். நான் கதவில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு, போகிற காலடி எது, நிற்கிற காலடி எது என்று பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் அவரே ஒரு லொறி பிடித்து, சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் எங்களை மறைத்துத் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார். ஒரு கீறல்கூட இல்லாமல் வந்துசேர்ந்தோம். ஆனால் அதன் பிறகு சரசு எந்தப் படமாளிகைக்குள்ளும் கால் வைக்கவில்லை. இங்கே வந்த பிறகும் தமிழ்ப்படம் போடுகிறார்கள் என்று இரண்டொரு தடவை கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "நீங்க பாத்துட்டு வாங்க, நான் இங்கனயே நிக்கிறேன்," என்றுவிட்டாள். பனியில் நின்றாள். அதனால்தான், அவள் உள்ளே வரக்கூடிய ஒரு படமாளிகையை வீட்டிலேயே கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

அவளிடம் சொன்னேன். "படி மேல இருக்கிற கதவு தெறந்தே இருக்கணும். படிக்கட்டு லைட்டு எரியணும். சரின்னா கட்டுங்க," என்றாள். படம் பார்க்க வெளிச்சம் கூடாது என்று தொழிற்சாலை இளைஞர்கள் சொல்லியிருந்தார்கள். நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

வீடு எங்களுடையதல்ல, வாடகை. சொந்தக்காரர் போர்த்துகலில் இருந்து வந்த கிழவர். அவருக்கும் ஆங்கிலம் என் அளவுக்குத்தான் வரும். "பேஸ்மென்டில் தியேட்டர் வைக்கப்போகிறேன்" என்று அவரிடம் அனுமதி கேட்டேன். மனிதர் முகம் சிவந்துவிட்டது. "நோ தியேட்டர்! நோ பீப்பிள்! நோ டிக்கெட்!" என்று கையை ஆட்டினார். நான் ஊரைக் கூட்டிப் படம் காட்டிக் காசு பார்க்கப்போகிறேன் என்று நினைத்துவிட்டார். என் மனைவி, என் மகள், நான் என்று விரலை மடக்கிக் காட்டியும் அவர் நம்பவில்லை. கடைசியில் அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போய் ஒரு பழைய சோபாவைக் காட்டினேன். அப்போதுதான் சிரித்தார். குட்டி ஜன்னலைக் காட்டி, அதை மூட வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறியபோது, அவரே "ஜனேலா?" என்றார். "ஆமா, ஜன்னல்!" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரே சொல் அவர் ஊரிலும் என் ஊரிலும் இருப்பது எப்படி என்று கேட்க எங்களிடம் ஆங்கிலம் போதவில்லை. அடுத்த வாரம் அவரே கறுப்புத் துணி கொண்டுவந்து ஜன்னலை மூடித் தந்தார்.

பின்சுவரில் எந்த உயரத்தில் ஒலிபெருக்கி வைப்பது, சோபாவைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிப்போடுவது, துணி இயந்திரம் ஓடினால் என்ன செய்வது என்று பல மாலைகள் போயின. உலைச் சத்தத்துக்கு மட்டும் வழி தெரியவில்லை. எல்லாம் பொருத்திவிட்டு வீடியோவைப் போட்டேன். இடப்பக்கப் பெட்டிகள் இரண்டும் சரியில்லை. பாட்டும் பேச்சும் எல்லாம் வலப்பக்கத்திலேயே குவிந்தன. இடப்பக்கம் பக்கத்து வீட்டிலிருந்து யாரோ முணுமுணுப்பதுபோல இருந்தது. இடப்பக்கத்தின் ஒலியைக் கூட்டினேன். "அப்பா, காது கிழியுது!" என்று வனிதா பொத்திக்கொண்டாள். வயரை மாற்றினேன். கடையில் கொடுத்துப் புதுப் பெட்டி வாங்கி வந்தேன். அதுவும் அப்படியே. மறுபடியும் கடைக்குப் போனபோது அங்கிருந்த பையன் அதைச் சுவரோடு வைத்துப் பாட வைத்துக் காட்டினான். நன்றாகத்தான் பாடியது. என்னை ஏமாற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அன்று சாயங்காலம் நான் மறுபடி வயரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சரசு துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, அதெல்லாம் விடுங்க. சும்மா அந்தக் கதிரையத் திருப்பிப் போட்டு உக்காருங்க," என்றாள்.

"எதுக்கு?"

"உக்காருங்கன்னா."

திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இதுவரை முணுமுணுத்த பெட்டிகள் பளிச்சென்று பேசின. இதுவரை பேசியவை அடங்கிப்போயின. பெட்டிகளில் குறை இல்லை. என் இடது காதில்தான்.

சரசு மடித்த துணியை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். "எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகங்க. அன்னைக்கி அந்தத் துணிக்கடையிலயும் நீங்க வலது காதத்தான் கதவுல வச்சீங்க. நானும் எப்பவும் ஒங்க வலப்பக்கமாத்தான் நடக்கிறேன். இடப்பக்கம் வந்து பேசுனா நீங்க பதில் சொல்ல மாட்டீங்க. கோவம்னு நெனச்சிக்குவேன்."

வைத்தியசாலைக்குப் போனோம். காது வைத்தியர் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்றார்கள். வலது காதுக்குக் கை ஓயவில்லை. இடது காதுக்கு வந்ததும், சோதனை முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்துச் சும்மா இருந்தேன். பிறகு வைத்தியர் நான் என்ன வேலை செய்தேன் என்று கேட்டார். "ஸ்டோர்," என்றேன். எங்கள் தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்றுதான் பெயர். அவரோ கடை என்று எடுத்துக்கொண்டார். கடையில் இரைச்சல் இருக்குமா என்று கேட்டார். "வெரி பிக் நோய்ஸ்," என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார். வனிதாதான் இடையில் புகுந்து விளக்கினாள்.

தேயிலைக் கொழுந்தை அரைக்கும் ரோதை இயந்திரங்கள் வரிசையாகச் சுழலும் அறை அது. வயது வந்ததிலிருந்து ஊரைவிட்டுப் புறப்படும்வரை அங்கேதான் நின்றேன். பெரிய ரோதை எப்போதும் என் இடப்பக்கம். அந்த அறையில் யாரும் வாயால் பேசுவதில்லை; கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்வோம். வேலை முடிந்து லயத்துக்கு வந்தால் அங்கே வேறு விதமான சத்தம். காம்பராக்களுக்கு நடுவே சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டு வானொலி எல்லா வீட்டுக்கும் பாடும். ஒரு வீட்டுச் சண்டை எல்லா வீட்டுக்கும் தெரியும். யார் இருமுகிறார், யார் வீட்டுப் பிள்ளை அழுகிறது என்று பாயில் கிடந்தபடியே சொல்லிவிடலாம். நாலு பக்கமும் அவ்வளவு சத்தம் இருந்ததால், ஒரு பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது எனக்குத் தெரியவே இல்லை. இந்த ஊரின் அமைதியில்தான் அது வெளியே வந்திருக்கிறது.

இரைச்சல்தான் காரணம் என்றால் இரண்டு காதும் மங்கியிருக்க வேண்டும், ஒரு காது மட்டும் போவது சரியில்லை என்றார் வைத்தியர். தலைக்குள் ஏதாவது வளர்ந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்றார். வனிதா இதை எங்களுக்குச் சொல்லும்போது 'வளர்ந்திருக்கிறது' என்ற சொல்லை மட்டும் சொல்ல முடியாமல் நின்றாள். முடிவு வரும்வரை பேஸ்மென்டுக்கு நான் போகவே இல்லை. சரசு துணியோடு இறங்குவாள், சத்தமில்லாமல் ஏறி வருவாள். எனக்குச் சாவுக்குப் பயமில்லை என்று இங்கே எழுதினால் அது பொய். பதுளைத் துணிக்கடையின் பின்னறையிலிருந்து உயிரோடு வெளியே வந்தவனுக்கு, இங்கே தலைக்குள்ளேயே ஒன்று ஒளிந்திருக்குமோ என்ற நினைப்பு தாங்க முடியாததாக இருந்தது. பிள்ளைக்குப் பதினைந்து வயதுகூட ஆகவில்லை. சரசுவுக்கோ பஸ் ஏறுவதற்குக்கூட இன்னும் சரியான இங்கிலிஷ் இல்லை.

முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்று மூவரும் போனோம். வைத்தியர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, என் இடது காதுப் பக்கம் பேனாவால் ஒரு வட்டம் காட்டினார். "தேர் இஸ் நத்திங் தேர்," என்றார்.

நத்திங் என்ற சொல் எங்கள் இருவருக்கும் தெரியும். ஒன்றும் செய்வதற்கில்லை என்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. சரசுவுக்கும் அப்படித்தான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். வைத்தியர் பயந்துபோய்ப் பேனாவைக் கீழே வைத்தார். வனிதா எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, "ஐயோ அம்மா, ஒண்ணும் இல்லங்கிறாங்கம்மா! தலைக்குள்ள ஒண்ணுமே இல்லையாம்! அப்பா நல்லா இருக்காராம்!" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து அவளுக்கே மூச்சு வாங்கியது.

சரசு எழுந்துபோய் அந்த வைத்தியரின் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரும் சரசுவின் தலையைத் தடவிக்கொடுத்தார். சின்ன வயதில் சீழ் பிடித்து ஆறிய காது என்றும், ரோதையின் இரைச்சல் மீதியை முடித்திருக்கிறது என்றும் பிறகு விளக்கினார். போனது வராது, ஆனால் இனியும் போகாது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது பனி கொட்டியது. எனக்குப் பசித்தது. அத்தனை நாளும் எனக்குப் பசியே எடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்கி, அந்தப் பனியிலேயே நின்று மூவரும் தின்றோம்.

மறுவாரம் திட்டத்தை முதலிலிருந்து போட்டோம். இந்தத் தடவை மூவருமாக. ஒலிபெருக்கிகள் சரசுவுக்கும் வனிதாவுக்கும் ஏற்றபடி நின்றன. எனக்கு இடது சுவரை ஒட்டி ஒரு கதிரை. நல்ல காது அறையைப் பார்த்தபடி. என் பக்கத்தில் மழை சுற்றிப் பெய்யாது, ஒரு பக்கச் சாரல்தான். பரவாயில்லை. படிக்கட்டு விளக்கு எரிய, கதவு திறந்திருக்க, சரசு முதல் படத்தை முழுவதும் உட்கார்ந்து பார்த்தாள். வில்லனைத் திட்டினாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தத் திட்டைக் கேட்டேன்.

போன மாதம் பசறையில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். போக முடியவில்லை. வீடியோ அனுப்பியிருந்தார்கள். அந்த நாட்டு வீடியோ இந்த நாட்டுப் பெட்டியில் ஓடாது. தமிழ்க் கடையில் கொடுத்து மாற்றி எடுத்துவந்து போட்டோம். தாலி கட்டி முடிந்து, படம் பிடித்தவர் பந்திப் பக்கம் திரும்பினார். திரையில் வாழையிலையும் கைகளும் மட்டும் தெரிந்தன. யாரோ ஒரு பெண், முகம் தெரியவில்லை, "வாங்க வாங்க, ஏன் அங்கனயே நிக்கிறீங்க, சாப்புட்டுட்டுப் போகலாம் வாங்க," என்று கூப்பிட்டாள். எனக்கு அந்தக் குரல் திரையிலிருந்துதான் கேட்டது. சரசுவுக்கு முதுகுக்குப் பின்னால் இருந்த பெட்டியிலிருந்து கேட்டிருக்கிறது. "இந்தா வர்றோம்," என்று சொல்லிக்கொண்டே அவள் சேலையைச் சரிசெய்து எழுந்து, திரும்பிவிட்டாள். அங்கே சுவர்தான் இருந்தது. ஒரு கை சோபாவைப் பிடித்திருக்க, பாதி எழுந்தும் எழாமலும் அவள் அப்படியே நின்றாள். அவளுக்குப் பின்னால், திரையில், பந்தியில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.