வீரபாண்டிக்கு ஹேண்டில் கப் மாற்றப் போனேன்

ஞாயிறு காலை 6.10. மதுரை பஸ் என்னைத் திருப்பூர் கோவில்வழி நிலையத்தில் இறக்கிவிட்டது. தாராபுரத்தில் விழித்தவன் கடைசி நாற்பத்தெட்டு கிலோமீட்டரும் தூங்கவில்லை. டிக்கெட் நூற்றைம்பத்தைந்து ரூபாய். கையில் ஒரு பை; அதில் ஒரு டப்பா கிரீஸ், அரைக் கிலோ கடலை மிட்டாய்.

வீரபாண்டிக்கு ஆட்டோ நூறு ரூபாய். எந்தக் கம்பெனியில் சேர வந்திருக்கிறேன் என்று டிரைவர் விசாரித்தார். இங்கே பையோடு இறங்குகிறவன் வேறெதற்கு வரப்போகிறான்! மனைவியின் சைக்கிளுக்கு ஹேண்டில் கப் மாற்றக் கோவில்பட்டியிலிருந்து வந்தேன் என்றேன்.

"அதுக்கு அத்தன தூரத்திலிருந்தாங்க வர்றீங்க?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

நியாயமான கேள்விதான். நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத் தபால்காரன். என் மனைவி மாரீஸ்வரி மூன்று வருஷமாக வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறாள். அவள் கிளம்பிய அன்று பெரிய சண்டை. 'நீ இருக்கிற வாசலில் வந்து நிற்க மாட்டேன்' என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன! அதனால் ஏதாவது வேலை அகப்பட்டால்தான் வருவேன். ஒருமுறை ஃபேன், ஒருமுறை கேஸ் டியூப், ஒருமுறை ஒழுகுகிற குழாய். அவளைப் பார்க்க உயிர் துடிக்கும், ரோஷம் விடாது. போன வியாழன், திருப்பத்தில் ஹேண்டில் மக்கர் பண்ணி விழுந்துவிட்டதாகப் போனில் சொன்னாள். நான் முழங்கையை விசாரிக்கவில்லை, ஹேண்டிலை விசாரித்தேன். இப்படியும் ஒரு மனுஷன்.

காலை 7 மணி. லைன் வீட்டில் ஏழாவது கதவு. எனக்காக அன்றைய ஓவர்டைமை விட்டுவிட்டு இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் காயம் காய்ந்திருந்தது. தொட்டுப் பார்க்க ஆசை. தொடாமல் சைக்கிளிடம் போனேன்.

முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பினேன். நேராக வந்த இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றுகொண்டது. கிரீஸ் வற்றினால் ஹேண்டில் கழுத்தில் உருளும் பால்ரஸ் குண்டுகள், அவற்றைத் தாங்கும் கப்பில் குழி பறித்துவிடும். பிறகு வண்டி நேரே போகும், திரும்பச் சொன்னால் முரண்டு பிடிக்கும். குண்டை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. புதுக் குண்டும் பழைய குழியில்தான் போய் உட்காரும்.

9.30. மெயின் ரோட்டில் சைக்கிள் கடை. கம்பெனி லீவு நாள் என்பதால் ஏகக் கூட்டம். தமிழும் இந்தியும் கலந்து ஒரே சத்தம். கடைக்காரர் ஹேண்டிலை ஒரு தடவை அசைத்துவிட்டு மாரீஸ்வரியைப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல மெஷின் ஆயில் ஊத்துனீங்களா?"

வாராவாரம் ஊற்றினாளாம். தையல் மெஷினுக்கு அதைத்தான் விடுகிறார்கள், அது வெண்ணெய் மாதிரி ஓடுகிறதே என்று பெருமையாக வேறு சொன்னாள்.

"பனியன் கம்பெனிக்காரங்க பூராம் இதத்தானுங்க பண்றாங்க. அது தண்ணியாட்ட எண்ணெய்ங்க. உள்ள இருக்கற கிரீஸக் கழுவி வுட்டுரும்."

இரண்டு விதமான செட் எடுத்துக் காட்டினார். குண்டுகளைக் கூட்டில் அடைத்தது தொண்ணூறு ரூபாய், உதிரிக் குண்டு நூற்று முப்பது. நான் உதிரியையே எடுத்தேன். கோப்பதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் குண்டு அதிகம் பிடிக்கும், பாரம் பரவி இறங்கும். அவர் மாட்டித் தருவதென்றால் எங்கள் வண்டி வரிசையில் பன்னிரண்டாவது என்றார். நானே செய்கிறேன் என்றதும் ஸ்பேனரும் சுத்தியலும் ஒரு கை பனியன் வேஸ்ட் துணியும் தந்து, கடையோரம் வேப்ப மர நிழலைக் காட்டினார்.

பழைய கப்பைத் தட்டிக் கழற்றினேன். கீழ்க் கப்பில்தான் குழி அதிகம். பாரமெல்லாம் அங்கேதான் இறங்கும். அவள் எதிரே குத்த வைத்து, துணியால் துருவைத் துடைத்தாள். புதுக் கப்பில் கிரீஸ் தடவி நீட்டினேன். ஊசியில் நூல் கோக்கிற விரல்கள் குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் பதித்தன. என் விரலிலும் கிரீஸ், அவள் விரலிலும் கிரீஸ். வேலை முடியவே கூடாது என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

நெருக்கிக் கோக்காதே, ஒரு குண்டு அளவு இடம் விடு, இல்லாவிட்டால் உருளாது என்றேன்.

"மூணு வருசமா விட்ட இடம் பத்தாதாக்கும்," என்றாள், தலையைத் தூக்காமல்.

நட்டை இறுக்கி, ஒரு மயிரிழை தளர்த்தினேன். முன்பிரேக்கைப் பிடித்து ஆட்டினால் தட்டுகிற சத்தம் வரக் கூடாது. சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் தானாகச் சாய வேண்டும். இரண்டும் சரியாக இருந்தன. அவள் ரோட்டில் ஒரு வட்டம் அடித்து வந்தாள்.

பிற்பகல் 3.15. கோவில்வழி. சாப்பாடு, பாத்திரம், பக்கத்து வீட்டு விசாரிப்பு என்று நேரம் போனதே தெரியவில்லை. திங்கள் காலை நான் ஊரில் தபால் பையைத் திறந்தாக வேண்டும். மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், அவள் கீழே நின்றாள். புதுக் கப் ஒரு வாரத்தில் அழுந்தி உட்காரும், அப்போது நட்டை மறுபடி இறுக்க வேண்டும். அது நினைவுக்கு வந்ததும் எனக்குக் கொண்டாட்டம். காரணம் கிடைத்துவிட்டதே! அடுத்த ஞாயிறு வந்து இறுக்கித் தருகிறேன் என்றேன்.

"அதுக்குன்னு வர வேண்டாம். பாத்துக்கிட்டுத்தான இருந்தேன், நானே இறுக்கிக்கிடுவேன்."

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"நீங்க சும்மா வாங்க."