பட்டுக்காக அடங்கிய கூட்ஸ் வண்டி

கல்யாணமாகிக் காஞ்சிபுரம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வாழ வந்த புதிதில், கூட்ஸ் வண்டி பார்ப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. நான் பிறந்த சின்ன காஞ்சிபுரத்துத் தெருவில் கோயில் யானை வரும், சாமி குடை வரும், ரயில் வராது. அதனால் அந்த அறுபதுகளில் கரி எஞ்சின் கூவினால் போதும், நூல் சுற்றுகிற ராட்டையை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் ஓடுவேன். பாசஞ்சர் வண்டி எனக்குப் பிடிக்காது. அதில் இருக்கிறவர்கள் நம்மை வேடிக்கை பார்ப்பார்கள். கூட்ஸில் அந்தத் தொல்லை இல்லை.

"இன்னாடி, கூட்ஸ் வண்டில உங்கம்மா வூட்டு சீர் வருதா?" என்பார் மாமியார். "வந்தா கேட்டாண்டயே எறக்கிக்கலாம் அத்த" என்பேன். வாய் எனக்கும் உண்டு.

அந்த வருஷம் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற வீட்டில், எங்கள் பெண்ணுக்கென்று முதல்முறையாகப் பாவு தயாரானது. சந்தன நிறம். புடவையின் நீளவாக்கு இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றும் முன் அதைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து எங்கள் தெருவில் ஒரு சாவு. பிணம் எடுக்கும்வரை தெருவில் பாவு விரிக்கமாட்டோம். முகூர்த்தம் நெருங்கிய அவசரத்தில் மாமனார் பாவைத் தண்டவாளத்தின் ஓரமிருந்த வெட்டவெளிக்குக் கொண்டுபோய்விட்டார்.

"மாமா, கூட்ஸ் இன்னும் போவலியே" என்றேன்.

"காலைலயே போச்சேம்மா."

"அது காலி வண்டி மாமா. சரக்கு வண்டி எதிர்ல வரும்."

"ஸ்டேஷன் மாஸ்டர் சொல்ட்டாருப்பா!" என்றார் என் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கஞ்சி தடவி முடித்த நேரம் எஞ்சின் கூவியது. யாரும் சிரிக்கவில்லை. ஈரப் பட்டில் கரி விழுந்தால் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் போகவே போகாது. சுருட்டினால் இழைகள் சிக்கிக்கொள்ளும், துணி போட்டு மூடினாலும் ஒட்டும். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் தண்டவாளத்தின் ஓரமாக வண்டிக்கு எதிரே ஓடினேன். கரும்புகையைக் கக்கிக்கொண்டு வந்த எஞ்சினைப் பார்த்துப் பாவைக் காட்டினேன், கையெடுத்துக் கும்பிட்டேன்.

குப்குப்பென்ற சத்தம் சட்டென்று அடங்கியது. டிரைவர் நீராவியை மூடிவிட்டார், புகைபோக்கி கரி கக்குவது நின்றது. கரி அள்ளிப் போடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அத்தனை பெட்டிகளும் வெறும் சக்கரச் சத்தத்தோடு எங்கள் பட்டைக் கடந்து உருண்டன. ஒரு பொட்டுக் கரி விழவில்லை.

ஆனால் வேகம் போய்விட்டதே! கேட்டைத் தாண்டி இருந்த மேட்டில் ஏறமுடியாமல் வண்டி நின்றுவிட்டது. திறக்காத கேட்டில் காத்துக்கிடந்த மாட்டுவண்டிக்காரர்கள் கண்டபடி திட்டினார்கள். கார்டு இறங்கி வந்து, "மேட்டுக்கு முன்னாடி யாராவது மூடுவாங்களா? மெமோ வரும் பாரு" என்று டிரைவரிடம் கத்தினார்.

நானும் மாமியாரும் மோர் எடுத்துக்கொண்டு ஓடினோம். முகமெல்லாம் கரியாக இருந்த டிரைவர் ஒரே மூச்சில் குடித்தார்.

"எங்களால உங்களுக்குக் கஷ்டம்" என்றேன்.

"மெமோக்கு பதில் எழுதிக்கலாம்மா. என் சம்சாரம் கல்யாணத்துக்குக் கட்டுன மஞ்சப் புடவ கொடில காஞ்சிக்கினு இருந்துது. நான் ஓட்டிக்கினு வந்த எஞ்சின் கரிதான் அதப் பாழாக்கிச்சு. இன்னும் பொட்டில வச்சிக்கினு இருக்கா, கட்டத்தான் முடியல" என்றார்.

அந்தப் பாவில் இரண்டு புடவைகள் இறங்கின. ஒன்றை நாத்தனார் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். புது மருமகள் எனக்கென்று இன்னொன்றை மாமியார் மடித்து என் கையில் கொடுத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு கேட்டுக்குக் கிளம்பினேன்.

"அப்ப உனக்கு?" என்றார் மாமியார்.

"எனக்கு அடுத்த பாவுல அத்த."

கூட்ஸ் கேட்டருகே மெதுவாக வந்தபோது புடவையை நீட்டினேன். டிரைவர் கரிக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு தலைத்துண்டை விரித்துப் பிடித்து, அதில் வாங்கிக்கொண்டார்.